வெள்ளைக் கோடு போட்டு நடைபாதையைப் பாதியாக்கினால் சைக்கிள் பாதை ஆகிவிடுமா?

நடைவழி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் குடியிருக்கும் பகுதியில் ஒரு முக்கியமான தெருவைத் திருத்தி அமைக்கப்போகிறார்கள். வரைபடத்தை வெளியிட்டு, கருத்துச் சொல்ல மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். முந்தாநாள் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். மனசு ஆறவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தெருவின் மொத்த அகலம் 18 மீட்டர். இப்போது இரு பக்கமும் 3 மீட்டர் நடைபாதை, நடுவில் 12 மீட்டர் வண்டிப்பாதை. அந்த 12 மீட்டரில் ஒரு ஓரம் நெடுக கார்கள் நின்றுகொண்டே இருக்கும். புதிய திட்டத்திலும் வண்டிப்பாதை அப்படியே இருக்கிறது, பார்க்கிங்கும் அப்படியே. மாறுவது நடைபாதை மட்டும்தான். அந்த 3 மீட்டரின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிள், இந்தப் பக்கம் நடப்பவர்கள். திட்டத்தின் தலைப்பில் 'அனைவருக்குமான தெரு' என்று இருக்கிறது.

நான் நடக்கவும் செய்கிறேன், சைக்கிளும் ஓட்டுகிறேன். இரண்டு வகையிலும் எனக்கு இது பயனில்லை என்று தோன்றுகிறது. நடக்கும்போது பின்னால் மணி அடிக்கும், ஓட்டும்போது முன்னால் குழந்தை குறுக்கே வரும். ஆனால் 'தோன்றுகிறது' என்று எழுதி அனுப்பினால் யாரும் மதிக்க மாட்டார்கள். தெருவை என்னைவிட வேறு விதமாகப் பயன்படுத்துகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். எது வேண்டும், எவ்வளவு அகலம் வேண்டும், ஏன் வேண்டும் என்று தெளிவாக எழுத உதவுங்கள்.

---

ஸ்டியரிங்

நண்பரே, முதல் எதிர்க்குரல் என்னுடையதாக இருக்கட்டும். வம்புக்குச் சொல்லவில்லை.

எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு கோடாவது போடுகிறார்களே, அதை ஏன் தடுக்க வேண்டும்? சைக்கிளுக்காக வண்டிப்பாதையைக் குறைத்தால் நெரிசல் கூடும். அந்த மாதிரித் தெருவில் சைக்கிளில் போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்காக ஆயிரக்கணக்கானோரை நிறுத்தி வைப்பதா?

இன்னொன்றும் இருக்கிறது. என் அம்மாவுக்கு 78 வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. அவரை எங்கே கூட்டிப்போனாலும் வாசல் வரை காரில்தான் போக வேண்டும். கார் நிறுத்த இடமில்லாத தெரு அவருக்கு மூடப்பட்ட தெருதான். 'அனைவருக்கும்' என்பதில் அவரும் உண்டு.

---

வெண்கோல்

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். வெள்ளைக் கோல் வைத்து நடப்பவன். அந்தக் கோடு எனக்கு என்னவாக இருக்கும் என்று சொல்கிறேன்.

அது எனக்கு இல்லவே இல்லை. பெயிண்டைக் கோல் உணராது, பாதமும் உணராது. கோட்டுக்கு எந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எதிரே வருகிற சைக்கிள்காரர் எனக்குத் தெரியும் என்று நம்பி வருவார்.

இப்படி ஒரு பகிர்வுப் பாதையில் ஒரு முறை தோளில் இடித்துக் கீழே விழுந்திருக்கிறேன். இடித்தவர் ஒரு இளைஞர், பதறிப்போய் என்னைத் தூக்கி உட்காரவைத்தார். "மணி அடித்தேனே அய்யா" என்றார். அடித்தார்தான். மணிச்சத்தம் பின்னால் ஏதோ வருகிறது என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்லாது. நான் ஒதுங்கியது அவர் வந்த பக்கமே. அந்தப் பையன் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. அவனுக்கும் போக வேறு இடம் இல்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்த வழியாகத் தனியாகப் போகவில்லை. விபத்துக் கணக்கில் சேராத இழப்பு இதுதான்: ஒரு ஆள் வெளியே வருவதையே நிறுத்திவிடுவது.

நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவே கோலுக்குத் தட்டுப்படுகிற ஒரு விளிம்பு வேண்டும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 2009இல் பார்வையற்றவர்களை நடக்கவைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். விளிம்பு 60 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எல்லோராலும் அதை நம்பிக்கையாக உணர முடியவில்லை. அதாவது நான்கு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே தளமாக்கி, விளிம்பு, கோடு, சிக்னல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மக்கள் கண்ணோடு கண் பார்த்து ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொள்வார்கள் என்றொரு சிந்தனை நெதர்லாந்தின் போக்குவரத்துப் பொறியாளர் ஹான்ஸ் மோண்டர்மானிடமிருந்து பரவியது. வண்டிகளின் வேகம் குறைந்தது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் கண்ணோடு கண் பார்க்க இருவருக்கும் கண் தெரிய வேண்டும். பார்வையற்றோர் அமைப்புகள் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகு 2018இல் பிரிட்டன் அரசு, விளிம்பே இல்லாத ஒரே தளத் தெருக்களைப் புதிதாக அமைப்பதை நிறுத்திவைக்கச் சொன்னது. கட்டி முடித்த பிறகு கேட்பதைவிட வரைபடத்திலேயே கேட்டுவிடலாம். அதனால் நடைவழி அவர்கள் இந்த இழையைத் தொடங்கியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

---

மூன்றுசக்கரம்

வெண்கோல் அய்யா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். என் பக்கத்தைச் சொல்கிறேன்.

எனக்கு நடக்க முடியாது என்பதால் சைக்கிள் ஓட்டவும் முடியாது என்றே பலர் நினைக்கிறார்கள். என்னுடையது கையால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டி. நூறு மீட்டர் ஊன்றுகோலில் நடந்தால் அன்றைய நாளே முடிந்துவிடும். வண்டியில் ஆறேழு கிலோமீட்டர் சாதாரணமாகப் போவேன். இங்கிலாந்தில் 'வீல்ஸ் ஃபார் வெல்பீயிங்' என்ற அமைப்பு மாற்றுத்திறனாளி சைக்கிள் ஓட்டிகளிடம் கேட்டபோதெல்லாம் பெரும்பாலோர், நடப்பதைவிட ஓட்டுவதே எளிது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு சைக்கிள்தான் கால்.

சரி, அந்தக் கோடு போட்ட பாதைக்கு வருவோம். 3 மீட்டரில் பாதி 1.5 மீட்டர். அதில் விளக்குக் கம்பம், பெயர்ப்பலகை, மரத்தின் அடிப்பக்கம் எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும்? இங்கிலாந்தில் 2020இல் வெளியிட்ட சைக்கிள் வழி வடிவமைப்பு வழிகாட்டி ஒரு நல்ல காரியம் செய்தது. வடிவமைப்புக்கு அளவாக ஒல்லியான ரேஸ் சைக்கிளை எடுக்கவில்லை. 2.8 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்று எடுத்துக்கொண்டது. சரக்கு சைக்கிள், பின்னால் குழந்தை வண்டி பூட்டிய சைக்கிள், என் வண்டி எல்லாமே அந்தச் செவ்வகச் சட்டகத்துக்குள் அடங்கும். அந்தச் சட்டகத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எங்கே சிக்கும் என்று உடனே தெரிந்துவிடும்.

மோட்டார் பைக் நுழையக்கூடாது என்று பாதையின் வாயில் வளைந்து வளைந்து போகும் இரும்புத் தடுப்பு வைக்கிறார்கள். பைக்காரர் எப்படியோ சாய்த்து நுழைந்துவிடுகிறார். சக்கர நாற்காலியும் நானும்தான் வெளியே நிற்கிறோம். தூண் வைத்தே ஆக வேண்டும் என்றால் தூணுக்குத் தூண் 1.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 'இறங்கித் தள்ளிச் செல்லவும்' என்ற பலகையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இறங்கினால் நான் எப்படித் தள்ளுவேன்?

இன்னொரு விஷயம் யாரும் பேசுவதில்லை: குறுக்குச் சாய்வு. கட்டடங்களுக்குள் கார் நுழைய வசதியாக நடைபாதையையே சாலைப் பக்கம் சரித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சரிவு. நடப்பவருக்கு அது உறைக்காது. சக்கர நாற்காலி ஒவ்வொரு முறையும் சாலையை நோக்கி இழுக்கும். ஒரு கையை மட்டும் பலமாகப் போட்டுத் தள்ளி நேராக்க வேண்டும். மழைநீர் வடிய நூற்றுக்கு 2 பங்கு சாய்வு போதும். நடைபாதை மட்டமாகப் போக வேண்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும். சரிவை நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் பட்டையிலேயே முடித்துவிடலாம். சாலையைக் கடக்கும் இடத்தில் இறங்கு சரிவு 12க்கு 1க்கு மேல், அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரத்துக்கு மேல், செங்குத்தாகப் போகக்கூடாது. 20க்கு 1 கிடைத்தால் கை வலிக்காமல் ஏறலாம்.

---

ஸ்டியரிங்

இரண்டு பேரின் பதிவையும் இரண்டு முறை படித்தேன். கோட்டைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அது ஒன்றுமே இல்லாததைவிட மோசம் என்பது புரிகிறது.

ஆனால் என் மற்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன. இடம் எங்கிருந்து வரும்? 18 மீட்டர் 18 மீட்டர்தானே?

---

கோடும் அளவும்

தெரு வடிவமைப்பு என் தொழில். ஸ்டியரிங் சாரின் கேள்வி நியாயமானது, கணக்குப் போட்டே பதில் சொல்கிறேன்.

ஒரு பக்கத்துக்கு 9 மீட்டர் கையில் இருக்கிறது. கட்டடப் பக்கத்திலிருந்து வாருங்கள். நடைபாதை 3 மீட்டர், கை வைக்காமல் அப்படியே. அடுத்து 60 மில்லிமீட்டர் இறங்கினால் சைக்கிள் பாதை 2 மீட்டர், ஒரு வழி. அடுத்து முக்கால் மீட்டர் தடுப்புப் பட்டை; கம்பம், பலகை எல்லாம் இதில் போய்விடும். அடுத்து வண்டி லேன் 3.25 மீட்டர், இதில் பஸ் தாராளமாகப் போகும். கூட்டிப் பாருங்கள், 9 வருகிறது. மறுபக்கமும் இதேதான். போவது நெடுக நின்ற கார்களுக்கான பார்க்கிங்கும், தேவைக்கு மேல் அகலமாக இருந்த லேனும்தான். போக்குக்கு ஒரு லேன், வரவுக்கு ஒரு லேன் முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இடம் வண்டிப்பாதையிலிருந்து வர வேண்டும், நடைபாதையிலிருந்து வரக்கூடாது. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நடைபாதையில் கை வைத்த நாளே நடப்பவரும் சைக்கிள்காரரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள ஆரம்பிப்பார்கள். திட்டம் போட்டவர் அந்தச் சண்டையில் தென்படவே மாட்டார்.

இதில் வயதானவர்களுக்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது. சிக்னல் நேரம் கணக்கிடும்போது நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று பல நாடுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். 65 வயதைக் கடந்தவர்களை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இங்கிலாந்தில் 2012இல் வந்தது. ஆண்களின் சராசரி 0.9, பெண்களின் சராசரி 0.8 மீட்டர்தான். 12 மீட்டர் வண்டிப்பாதைக்கு 10 வினாடி பச்சை கொடுத்தால், 0.8இல் நடக்கும் அம்மா 8 மீட்டரில் நிற்பார். மீதி 4 மீட்டர் அவருக்கு முன்னால் இருக்கும், வண்டிகள் உறுமிக்கொண்டு இருக்கும். அதே அம்மா 6.5 மீட்டர் வண்டிப்பாதையை ஏறக்குறைய 8 வினாடியில் கடந்துவிடுவார். சிங்கப்பூரில் 2009 முதல் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் அட்டையை சிக்னல் கம்பத்தில் தொட்டால் கூடுதல் வினாடிகள் கிடைக்கும்படி செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தெருவே ஒடுங்கினால் அட்டை இல்லாதவருக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

அப்புறம் வேகம். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் காரின் இயக்க ஆற்றல் 30இல் வருவதைவிட 2.8 மடங்கு. ஓட்டுநர் சுதாரித்து பிரேக் போட்டு நிற்க 50இல் ஏறக்குறைய 28 மீட்டர் ஆகும், 30இல் 13 மீட்டர் போதும். 20 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை ஓடி வந்தால், 30இல் வந்தவர் குழந்தைக்கு முன்னால் நின்றுவிட்டிருப்பார். அதனால்தான் ஸ்பெயின் 2021இல், திசைக்கு ஒரே லேன் உள்ள நகர்த் தெருக்கள் எல்லாவற்றுக்கும் 30 என்று நாடு முழுக்கச் சட்டம் போட்டது. ஹெல்சிங்கியில் பாதிக்கு மேற்பட்ட தெருக்கள் 30இல் இருக்கின்றன. 2025 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் அந்த நகரத்தில் சாலையில் ஒருவர்கூடச் சாகவில்லை.

வெறும் பலகை மட்டும் நட்டால் வேகம் குறையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரான, அகலமான சாலை 'அழுத்து' என்று காலுக்குச் சொல்லும். லேனை ஒடுக்கி, முனைகளை இறுக்கமாக வளைத்து, கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்குத் தூக்கினால்தான் குறையும்.

சைக்கிளில் போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றீர்கள், ஸ்டியரிங் சார். பாலம் இல்லாத ஆற்றில் எத்தனை பேர் நீந்துகிறார்கள் என்று எண்ணி, பாலம் தேவையா என்று முடிவு செய்ய மாட்டோம் இல்லையா? ஸ்பெயினின் செவில் நகரில் 2006ஐ ஒட்டி சைக்கிள் பயணம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அவர்கள் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று போடாமல், ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தடுப்புள்ள பாதையை ஓரிரு ஆண்டுகளில் ஒன்றோடொன்று இணைத்துப் போட்டார்கள். பெரும்பாலும் பார்க்கிங் இடத்தை எடுத்துத்தான். சில ஆண்டுகளில் பயணங்கள் பல மடங்கு கூடின. ஒரு சங்கிலிக்குக் கண்ணி ஒன்று அறுந்தாலும் போச்சு. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒன்பது தெரு பாதுகாப்பாக இருந்து பத்தாவது சந்திப்பு பயங்கரமாக இருந்தால், எந்தப் பெற்றோரும் குழந்தையை அனுப்ப மாட்டார்கள்.

---

வெண்கோல்

கோடும் அளவும் அவர்களின் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஒரு ஓட்டையைக் காட்ட அனுமதியுங்கள்: பஸ் நிறுத்தம்.

சைக்கிள் பாதை நடைபாதையை ஒட்டிப் போனால், பஸ்ஸுக்கு நிற்கிற திட்டு அதற்கு அப்பால் இருக்கும். பஸ் ஏற நான் சைக்கிள் பாதையைக் கடந்தாக வேண்டும். சைக்கிள் சத்தமில்லாமல் வரும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இன்னும் மோசம், படியிலிருந்து கால் வைக்கும் இடமே சைக்கிள் பாதையாக இருந்தால் அது அபாயம். டென்மார்க்கில் அப்படி நேராகப் பாதையில் இறங்கும் நிறுத்தங்களில் சைக்கிள்காரர் நின்று வழிவிட வேண்டும் என்பது சட்டம். பல தலைமுறைப் பழக்கம் அவர்களுக்கு. அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் சட்டத்தை மட்டும் நம்பி நான் இறங்க மாட்டேன்.

எனக்கு வேண்டியது: திட்டு போதிய அகலமாக இருக்கட்டும். கடக்கும் இடம் ஒன்றே ஒன்றாக, எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அங்கே சைக்கிள் பாதை நடைபாதை மட்டத்துக்கு மேலேறி வரட்டும், அதனால் சைக்கிள் வேகம் தானாகக் குறையும். இரு பக்கமும் தொட்டுணரும் தளக்கல் இருக்கட்டும்.

அந்தத் தளக்கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். 1965இல் ஜப்பானின் செயிச்சி மியாகே உருவாக்கியது. 1967இல் ஒகாயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி அருகே ஒரு கிராசிங்கில் முதலில் பதித்தார்கள். நீளக் கோடுகள் இருந்தால் 'இப்படியே போ' என்று பொருள். புள்ளிகள் இருந்தால் 'நில், கவனி'. இதை மாற்றிப் பதித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கோட்டுக்கல்லை நம்பிப் போய் மின்கம்பத்தில் நெற்றியை இடித்தவன் நான். கல் பதித்தவருக்கு அதன் பொருளை யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். வேலை நடக்கும்போது எங்களில் ஒருவரைக் கூட்டி வந்து ஒரு மணி நேரம் நடக்கவிட்டாலே போதும், எல்லாத் தவறும் தெரிந்துவிடும்.

---

கோடும் அளவும்

சரியாகச் சொன்னீர்கள் அய்யா, இது என் கணக்கில் விட்டுப்போனது. பஸ் நிறுத்தத்துக்கு முக்கால் மீட்டர் பட்டை போதாது. அந்த இடத்தில் மட்டும் சைக்கிள் பாதையை 1.5ஆக ஒடுக்கி, பஸ்ஸை லேனிலேயே நிற்கவிட்டு, நடைபாதையிலிருந்து அரை மீட்டர் கடன் வாங்கினால் திட்டு 1.75 வரும். இன்னும் அகலம் கிடைத்தால் நல்லதுதான். பின்னால் வரும் கார்கள் சில வினாடி காத்திருக்கும். பஸ்ஸில் ஐம்பது பேர் இருப்பார்கள், அது பரவாயில்லை.

---

இரண்டு பள்ளி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு இரண்டு குழந்தைகள், இரண்டு வேறு பள்ளி. காலையில் ஒருவனை விட்டு, இன்னொருத்தியை விட்டு, மருந்து வாங்கி, மாமியாரைப் பார்த்துவிட்டு, பிறகு வேலைக்கு. ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டருக்குள். ஆனால் கணக்கெடுக்க வந்தவர் "வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்" என்று ஒரே கேள்வி கேட்டு ஒரே வரி எழுதிக்கொண்டு போனார். என் நாளின் நான்கு பயணங்கள் அந்தத் தாளில் இல்லவே இல்லை.

ஸ்பெயினைச் சேர்ந்த நகரத் திட்ட வல்லுநர் இனேஸ் சான்செஸ் டி மதாரியாகா இதற்குப் 'பராமரிப்புப் பயணம்' என்று பெயர் வைத்தார். குழந்தை, முதியவர், வீட்டுத் தேவை ஆகியவற்றுக்காகப் போகும் பயணங்களைத் துண்டு துண்டாக 'கடை', 'மற்றவை' என்று பிரித்து எழுதாமல் ஒன்றாகச் சேர்த்தால், அது வேலைப் பயணத்துக்கு நிகரான பெரிய கூட்டம் என்று காட்டினார். காலையும் மாலையும் மையத்துக்கு நேராகப் போகும் பாதை மட்டும் போட்டால் இந்தக் குறுக்கும் நெடுக்குமான பயணங்களுக்கு அது உதவாது. வியன்னாவில் மரியாஹில்ஃப் என்ற பகுதியை எடுத்து, அங்கே நடக்கிறவர்கள் யார், எதற்காக நடக்கிறார்கள் என்று பெண்கள் கோணத்திலிருந்து பார்த்துத் திருத்தினார்கள். நடைபாதையை அகலமாக்கினார்கள், கூடுதல் கிராசிங், கூடுதல் விளக்கு, உட்கார இடம், தள்ளுவண்டி ஏறச் சரிவு. பெரிய மேம்பாலம் எதுவும் கட்டவில்லை. எல்லாமே சின்னச் சின்ன வேலை.

ஸ்வீடனில் கார்ல்ஸ்கூகா என்ற ஊரில் பனி அள்ளும் வரிசையை மாற்றினார்கள் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. முன்பு பெரிய சாலைகளில்தான் முதலில் அள்ளுவார்கள். மாற்றியபின் நடைபாதைகளும் குழந்தைகள் காப்பகங்களின் சுற்றுப்புறமும் முதலில். கார் கொஞ்சம் பனியில் ஓடிவிடும், தள்ளுவண்டி ஓடாது. வேலை அதேதான், வரிசையை மட்டும் மாற்றினார்கள்.

வரைபடத்தில் இரண்டு விஷயம் பாருங்கள் நடைவழி. முதலாவது, கிராசிங் பக்கத்தில் கார் நிறுத்த விடக்கூடாது. என் மகளின் கண் உயரம் ஒரு மீட்டர். நிற்கிற காருக்குப் பின்னாலிருந்து அவளுக்கு எதுவும் தெரியாது, அவளும் யாருக்கும் தெரியமாட்டாள். இரண்டாவது, பள்ளி விடும் நேரத்தில் பள்ளித் தெருவை வண்டிகளுக்கு மூடுவது. இத்தாலியின் போல்சானோவில் 1989லேயே தொடங்கிவிட்டார்கள். பாரிஸில் இப்போது இருநூறுக்கு மேற்பட்ட பள்ளித் தெருக்கள் மாறிவிட்டன, பலவற்றில் நிரந்தரமாகவே.

நெதர்லாந்து ஆரம்பத்திலிருந்தே இப்படி இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 3,200க்கு மேல், அதில் 400க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளை இழந்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையிலிருந்து 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற இயக்கம் 1972இல் கிளம்பியது. பெற்றோர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். இன்று நாம் பார்க்கும் பாதைகள் அதற்குப் பிறகு வந்தவை.

---

ஸ்டியரிங்

அம்மா, உங்கள் பதிவுக்கு நன்றி. 400 குழந்தைகள் என்ற எண்ணை விட்டு என்னால் நகர முடியவில்லை.

ஆனாலும் என் அம்மாவின் கதைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

---

மூன்றுசக்கரம்

நான் சொல்கிறேன் சார். உங்கள் அம்மாவின் கார் வாசல் வரை வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எனக்கும் மழை நாளில் அதே தேவை. வர வேண்டியவர் வரட்டும். குறுக்கு வழியாகப் புகுந்து போகிறவரைத்தான் நிறுத்த வேண்டும்.

நெதர்லாந்தின் குரோனிங்கனில் 1977இல் மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்தார்கள். காரில் எந்தப் பகுதிக்கும் போகலாம், ஆனால் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போக முடியாது, வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். நடப்பவரும் சைக்கிள்காரரும் நேராகப் போகலாம். பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017இல் இதையே செய்தது. வீட்டு வாசல் எதுவும் மூடப்படவில்லை. சும்மா கடந்து போகிற வண்டிகள் குறைந்தால், உள்ளே வந்தே ஆக வேண்டிய உங்கள் கார் நிம்மதியாக வரும்.

பார்க்கிங் எடுக்கும்போது ஒரு நிபந்தனை வையுங்கள்: ஒவ்வொரு பக்கத் தெருவின் முதல் இடம் மாற்றுத்திறனாளி வண்டிக்கு. அங்கிருந்து நடைபாதைக்குப் படியில்லாமல் சரிவு. இப்போது நெடுக நிற்கிற கார்களில் எத்தனை உங்கள் அம்மாவைப் போன்றவர்களுடையது? நாள் முழுக்க அசையாமல் நிற்கிற கார்தான் அவருடைய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

பெஞ்சும் வேண்டும். மக்கள் அதிகம் நடக்கிற இடத்தில் 50 மீட்டருக்கு ஒரு இருக்கை என்பது பிரிட்டனின் வழிகாட்டி நெறி. முதுகு சாயவும் கையை ஊன்றி எழுந்திருக்கவும் வசதியான இருக்கை. முழங்கால் வலி உள்ளவருக்கு 300 மீட்டர் என்பது முடியாத தூரம், ஆனால் ஆறு முறை 50 மீட்டர் முடியலாம். அப்புறம் கழிப்பறை. அது இல்லாததால் வெளியே வராதவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதே இல்லை.

---

ஸ்டியரிங்

ஆறு முறை 50 மீட்டர். இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உட்கார இடம் இருந்தால் நான் நடப்பேனே" என்றார். முழங்கால் போனதிலிருந்து நான் அவரிடம் இப்படிக் கேட்டதே இல்லை.

நடைவழி, சாலையைக் கடக்க அம்மாவுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று நான் அளந்து தருகிறேன். என் தெருவும் ஏறக்குறைய அதே அகலம். ஞாயிறு காலை கூட்டம் இல்லாத நேரத்தில், நானே கையைப் பிடித்துக்கொண்டு.

---

நடைவழி

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இத்தனை தெளிவு எனக்கு மூன்று வாரம் தனியாக உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்காது. கருத்துக் கடிதத்தில் முதல் வரியாக 'பஸ் நிறுத்தம் தவிர வேறெங்கும் நடைபாதையிலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூட எடுக்கக்கூடாது' என்று எழுதுகிறேன். அடுத்து கோடும் அளவும் சாரின் 9 மீட்டர் கணக்கு, 60 மில்லிமீட்டர் விளிம்பு, பஸ் திட்டு, பக்கத் தெரு பார்க்கிங், பெஞ்சு. 2.8க்கு 1.2 சட்டகத்தை ஒரு கண்ணாடித் தாளில் வெட்டி வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். மூன்று திருப்பங்களில் சிக்குகிறது.

---

வெண்கோல்

ஒரு வேண்டுகோள். அந்த வரைபடத்தைப் பார்க்க நானும் முயன்றேன். அது வெறும் படமாக இருக்கிறது, என் கணினியின் திரைவாசிப்பான் 'படம், பக்கம் ஒன்று' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறது. மக்கள் கருத்து கேட்கிறார்கள், ஆனால் எதைப் பற்றி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இழையில் நீங்கள் எழுதியதை வைத்துத்தான் இதுவரை பேசினேன். முடிந்தால் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சொற்களில் எழுதித் தருவீர்களா? நானும் என் பெயரில் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும்.

---

நடைவழி

இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும், மன்னியுங்கள் அய்யா. வரைபடத்தைச் சொற்களிலும் வெளியிட வேண்டும், அதுவரை கால அவகாசத்தை நீட்டிக்க வேண்டும் என்று இன்றே தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு நானே சொல்கிறேன்.

கிழக்கு முனையில், நூலக வாசலில் நிற்கிறீர்கள், முகம் மேற்கு நோக்கி. வலது கைப் பக்கம் கட்டடங்கள், இடது கைப் பக்கம் சாலை. கோடு தொடங்குவது இங்கேதான். கோட்டுக்குக் கட்டடப் பக்கம் நடப்பவர்கள், சாலைப் பக்கம் சைக்கிள். 30 மீட்டரில் முதல் விளக்குக் கம்பம், அது நடப்பவர்கள் பகுதியின் நடுவிலேயே நிற்கிறது. 45 மீட்டரில் வலப்பக்கம் ஒரு வாசல், நடைபாதை முழுவதும் சாலை நோக்கிச் சரிகிறது. 60 மீட்டரில் இன்னொரு வாசல், அதே சரிவு. 110 மீட்டரில் பஸ் நிறுத்தம். நிழற்குடை நடைபாதையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறது, வெள்ளைக் கோடு அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் 40 மீட்டருக்கு வரைபடத்தில் எதுவுமே குறிக்கப்படவில்லை.